லஸ் சர்ச் ரோட்டில் துகள் இயற்பியல்



துகள் இயற்பியல் என்று சொன்னதும் உங்க மனசுல என்ன படம் வருது? எனக்கு ஜெனீவா பக்கத்தில் பூமிக்கு அடியில் இருக்கும் அந்த 27 கிலோமீட்டர் வளையம்தான் வரும். 2012-ல் ஹிக்ஸ் துகளைக் கண்டுபிடித்தபோது எல்லா சேனலும் அதைத்தான் காட்டினார்கள். நாலு மாடி உயரத்துக்கு உலோகமும் வயர்களும், முன்னாடி ஹெல்மெட் போட்ட ஒரு ஆள்.

இந்த எபிசோடில் அப்படி ஒரு இயந்திரமும் கிடையாது. ஒரு வீடு இருக்கிறது. மயிலாப்பூர், லஸ் சர்ச் ரோடு. வீட்டின் பெயர் ஏகாம்ர நிவாஸ்.

இந்தக் கதையை எடுத்ததற்கு ஒரு காரணம் இருக்கு. நம்ம இன்பாக்ஸில் மாசத்துக்கு ஒண்ணாவது வரும் கேள்வி இது. எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் யாராவது கேட்பார்கள்: தியரிக்கு லேப் வேண்டாமே, பேப்பரும் பேனாவும் போதுமே, அப்புறம் ஏன் எல்லாரும் ஊரை விட்டுப் போறாங்க? நியாயமான கேள்வி. அறுபது வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில் இதே கேள்வியோடு மல்லுக்கட்டிய ஒருத்தர் இருந்தார். அவர் பெயர் அல்லாடி ராமகிருஷ்ணன்.

அல்லாடி என்ற பெயரை வரலாற்றுப் புத்தகத்தில் வேறு இடத்தில் பார்த்திருப்பீர்கள். அவருடைய அப்பா சர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாகப் பல ஆண்டுகள் இருந்தவர். அம்பேத்கர் தலைமையில் அரசியலமைப்பை எழுதிய வரைவுக் குழுவில் ஒரு உறுப்பினர். அவரே நெல்லூர் பக்கம் ஒரு கிராமத்தில் புரோகிதர் வீட்டில் பிறந்து மேலே வந்தவர். அந்தப் புரோகிதத் தகப்பனாரின் பெயர் ஏகாம்ர சாஸ்திரி. வீட்டுக்கு ஏகாம்ர நிவாஸ் என்று பெயர் வந்தது அப்படித்தான்.

அந்த வீட்டில் 1923-ல் பிறந்த பையன் கோர்ட்டுக்குப் போவான் என்று ஊரே எதிர்பார்த்திருக்கும். அவர் பிரெசிடென்சி கல்லூரியில் இயற்பியல் படித்தார். 1947-ல் பம்பாயில் ஹோமி பாபாவிடம் போய்ச் சேர்ந்தார். டாட்டா இன்ஸ்டிடியூட் ஆரம்பித்து அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

பாபா அவருக்குக் கொடுத்த பிரச்சினையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். துகள் இயற்பியலில் தியரி ஆட்கள் என்னதான் செய்கிறார்கள் என்பது இதில் நல்லா தெரியும்.

விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் நம்ம தலைக்கு மேலே விழுந்துகொண்டே இருக்கின்றன. வேகமான ஒரு எலக்ட்ரான் காற்றில் இருக்கும் ஒரு அணுக்கருவை உரசிப் போகும்போது ஒரு ஃபோட்டானை உமிழும். அந்த ஃபோட்டான் இன்னொரு அணுக்கருவின் பக்கத்தில் போகும்போது ஒரு எலக்ட்ரானாகவும் ஒரு பாசிட்ரானாகவும் மாறும். அந்த ரெண்டும் மறுபடி ஃபோட்டானை உமிழும். இப்படி ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு நாலாகி, மேலே ஒற்றையாக வந்த துகள் கீழே வருவதற்குள் ஒரு பெரிய கூட்டமாகிவிடும். ஆற்றல் பங்கு போட்டுப் போட்டுத் தீர்ந்ததும் பெருக்கம் நின்றுவிடும். இதற்கு ஷவர் என்று பெயர். சராசரியாக எத்தனை துகள் வரும் என்பதை பாபாவும் ஹைட்லரும் 1937-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள்.

ஆனால் சராசரி மட்டும் தெரிந்தால் போதாது. ஒரே ஆற்றலோடு வரும் ரெண்டு எலக்ட்ரான்கள் ஒரே அளவு ஷவரை உண்டாக்காது. ஒண்ணு மேலேயே பிரிந்துவிடும், இன்னொண்ணு கீழே வரை தனியாக வரும். எண்ணிக்கை எவ்வளவு ஏறி இறங்கும்? இது நிகழ்தகவுக் கணக்கு. சிக்கல் என்னன்னா, துகள்களை எண்ணலாம், ஒன்று இரண்டு மூன்று என்று. அவற்றின் ஆற்றலை அப்படி எண்ண முடியாது. அது தொடர்ச்சியாக ஓடும் ஒரு அளவு.

ராமகிருஷ்ணன் கண்டுபிடித்த வழியை நான் இப்படி யோசித்துப் புரிந்துகொண்டேன். சனிக்கிழமை சாயங்காலம் ரங்கநாதன் தெருவை நினைச்சுக்கோங்க. தெருவை மெல்லிய கீற்றுகளாக வெட்டுங்கள். ஒரு கீற்றில் அதிகபட்சம் ஒரு ஆள்தான் நிற்க முடியும், அவ்வளவு மெல்லிசு. அப்படி வெட்டிவிட்டால் அந்தக் கீற்றில் இருப்பது ஒண்ணு, இல்லாட்டி பூஜ்யம். அங்கே சராசரியாக எத்தனை பேர் என்று கேட்பதும், அங்கே ஒருத்தர் நிற்க எவ்வளவு வாய்ப்பு என்று கேட்பதும் ஒரே கேள்வியாகிவிடும். அடுத்த படி, ரெண்டு கீற்றுகளை எடுங்கள். இங்கே ஒருத்தர், அதே சமயம் அங்கே ஒருத்தர் இருக்க எவ்வளவு வாய்ப்பு? ஆளுக்கு ஆள் சம்பந்தமே இல்லை என்றால் ரெண்டு வாய்ப்புகளையும் பெருக்கினால் போதும். குடும்பமாக வந்திருந்தால் அந்தக் கணக்கு பொய்யாகும், அம்மா நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில்தானே பிள்ளை இருக்கும். ஷவரில் வரும் துகள்கள் எல்லாமே ஒரே குடும்பம். அந்த உறவைக் கணக்கில் கொண்டுவருகிற கருவிதான் அவருடைய புராடக்ட் டென்சிட்டி. 1950-ல் கேம்பிரிட்ஜ் ஃபிலசாஃபிகல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. இங்கிலாந்தில் மான்செஸ்டரில் பார்ட்லெட் என்ற புள்ளியியல் அறிஞரிடம் டாக்டர் பட்டத்தை முடித்தார்.

என்னைக் கேட்டால் அவருடைய ஆராய்ச்சியில் காலம் தாண்டி நிற்பது இதுதான். அப்போது அவருக்கு வயது 27.

பிறகு சென்னைக்குத் திரும்பி சென்னைப் பல்கலைக்கழகத்தில் ரீடராகச் சேர்ந்தார். பாடம் எடுத்தார், ஆராய்ச்சி மாணவர்களைச் சேர்த்தார், கட்டுரைகள் போட்டார். ஒரு சாதாரண, மதிப்பான கல்லூரி வாழ்க்கை. அப்படியே ரிட்டையர் ஆகியிருந்தால் இன்று நான் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

1957-ல் அவர் பிரின்ஸ்டன் போனார். இன்ஸ்டிடியூட் ஃபார் அட்வான்ஸ்டு ஸ்டடி. 'ஓப்பன்ஹைமர்' படத்தில் ஒரு குளம் வரும், அதன் கரையில் ஐன்ஸ்டைன் நிற்பார், ஞாபகம் இருக்கா? அந்த இடம்தான். ஓப்பன்ஹைமர்தான் அப்போது இயக்குநர். அங்கே லேப் கிடையாது, டிகிரி கிடையாது, பரீட்சை கிடையாது. உலகம் முழுவதிலுமிருந்து ஆட்களை வரவழைத்து, ஒரு அறையும் ஒரு கரும்பலகையும் கொடுத்து, பேசுங்கள் என்று விட்டுவிடுவார்கள்.

அவர் போன வருஷம் எப்படிப்பட்ட வருஷம் என்று பாருங்க. இயற்கைக்கு இடது வலது வித்தியாசம் கிடையாது, கண்ணாடியில் தெரியும் உலகமும் இதே விதிகளின்படிதான் நடக்கும் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். லீ, யாங் என்ற ரெண்டு சீனர்கள் அதைச் சந்தேகப்பட்டார்கள். வூ என்ற பெண் விஞ்ஞானி சோதித்துப் பார்த்தார். பீட்டா சிதைவில் இயற்கை பக்கம் பார்க்கிறது என்று நிரூபணமானது. 1957 டிசம்பரில் லீக்கும் யாங்குக்கும் நோபல் பரிசு. யாங்குக்கு வயது 35, லீக்கு 31. நம்ம ராமகிருஷ்ணனுக்கு 34. அதே வளாகத்து ஆட்கள், ஏறக்குறைய சமவயசு.

சென்னையில் உட்கார்ந்து ஜர்னலில் படித்திருந்தால் இந்தச் செய்தி அவருக்கு எப்போது வந்திருக்கும்? இங்கேதான் பேப்பரும் பேனாவும் போதும் என்ற வாதம் உடைகிறது. இன்று அமெரிக்காவில் ஒருத்தர் ராத்திரி ஆர்க்கைவில் ஏற்றும் கட்டுரை காலையில் உங்க ஃபோனில் இருக்கும். ஆர்க்கைவ் வந்ததே 1991-ல்தான். அதற்கு முன்னால் ஃபிசிகல் ரிவ்யூ கப்பலில் வந்தது. அச்சாவதற்கு முன் கட்டுரையைத் தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைல் எடுத்து, தெரிந்தவர்களுக்குத் தபாலில் அனுப்புவார்கள். அதற்கு பிரீபிரிண்ட் என்று பெயர். தெரிந்தவர்களுக்கு என்பதை இன்னொரு தடவை சொல்றேன். உங்க விலாசம் அவர் கையில் இருந்தால் உங்களுக்கு வரும். இல்லையென்றால் உலகம் ஒரு வருஷம் முன்னால் விட்டுவிட்ட பிரச்சினையை நீங்கள் உட்கார்ந்து உருப்படியாகத் தீர்த்துக்கொண்டிருப்பீர்கள்.

ஆக, தியரிக்கு இயந்திரம் வேண்டாம்தான். விலாசம் வேண்டும். பேச ஆள் வேண்டும். உட்கார ஒரு அறை வேண்டும்.

ராமகிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். அவரிடம் ஒரு அறை இருந்தது. அப்பா 1953-லேயே காலமாகிவிட்டார். வக்கீல்களும் அரசியல்வாதிகளும் வந்துபோன அந்தப் பெரிய வீட்டில் கோட்பாட்டு இயற்பியல் செமினார் ஆரம்பமானது. பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தில் இதெல்லாம் கிடையாது. மாணவர்கள் வீட்டுக்கு வருவார்கள், ஒருத்தர் எழுந்து புதிதாக வந்த கட்டுரையை விளக்குவார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். வெளிநாட்டு விஞ்ஞானி யாராவது இந்தியா வந்தால் அவரை விடாமல் பிடித்து மயிலாப்பூருக்கு அழைத்து வந்துவிடுவார். அவருடைய மனைவி லலிதா வந்தவர்களை உபசரித்தார். இந்த மாதிரிக் கதைகளில் அந்த வேலை எப்பவும் ஒரு வரியில் முடிந்துபோகும், நானும் ஒரு வரியில்தான் முடிக்கிறேன். ஆனால் வாரா வாரம் வீடு நிறைய ஆட்கள் வந்தால் அது என்ன வேலை என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். காபி இல்லாமல் மயிலாப்பூரில் ஒரு செமினார் நடந்திருக்கும் என்று நான் நம்ப மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லியாகணும். லஸ் சர்ச் ரோட்டில் பங்களா எல்லாருக்கும் வாய்க்காது. ஒரு பெரிய வக்கீல் குடும்பத்தின் வீடும், தொடர்பும், செல்வாக்கும் இல்லையென்றால் இந்தக் கதை முதல் வாரத்திலேயே முடிந்திருக்கும். அதே திறமையோடு ராயபுரத்தில் ஒரு ஒண்டுக்குடித்தன வீட்டில் இருந்த இயற்பியல் வாத்தியாரால் நீல்ஸ் போரைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்க முடியாது. இதனால் ராமகிருஷ்ணன் செய்தது சின்னதாகிவிடாது. வீட்டை வைத்துக்கொண்டு வேறு எத்தனையோ செய்திருக்கலாம், அவர் கரும்பலகை வைத்தார். ஆனாலும் அந்த இடம் எங்கிருந்து வந்தது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆமாம், நீல்ஸ் போர். 1960 ஜனவரியில் அவர் இந்தியா வந்தார். வயது 74. அணுவின் அமைப்பைச் சொன்னவர், 1922-லேயே நோபல் வாங்கியவர், பிரதமர் நேருவின் விருந்தினர். சென்னைக்கு வந்தபோது ஏகாம்ர நிவாஸுக்கும் வந்து அந்த இளைஞர்களைச் சந்தித்தார். இந்தியப் பயணத்தைப் பற்றிச் செய்தியாளர்கள் கேட்டபோது, தன்னைக் கவர்ந்தவையாக ரெண்டைச் சொன்னார். ஒன்று, பம்பாயில் பாபா கட்டியிருக்கும் பிரமாண்டமான டாட்டா இன்ஸ்டிடியூட். இன்னொன்று, சென்னையில் ராமகிருஷ்ணன் என்பவரிடம் படிக்கும் சின்ன மாணவர் குழு.

இதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. போரின் கோபன்ஹேகனும் இப்படி ஒரு இடம்தானே. 1920-களில் உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்து இருபது வயசுப் பையன்கள் அங்கே போய், வருஷக்கணக்கில் சண்டை போட்டுப் பேசித்தான் குவாண்டம் இயக்கவியல் உருவானது. ஒரு அறையில் சரியான பேச்சு நடக்கிறதா என்பதை ஒரு நிமிஷத்தில் கண்டுபிடிக்கத் தெரிந்த ஆள் யாராவது உண்டு என்றால் அது அவர்தான்.

அந்தப் பேச்சு நேருவின் காதுக்குப் போனது. யார் இந்த ராமகிருஷ்ணன்?

இதற்கிடையில் வீட்டில் செமினார் நடந்துகொண்டேதான் இருந்தது. 1961 கோடையில் டாட்டா இன்ஸ்டிடியூட் பெங்களூரில் ஒரு கோடைப் பள்ளி நடத்தியது. அமெரிக்காவிலிருந்து மரே கெல்மன் வந்து பாடம் எடுத்தார். என்ன பாடம் தெரியுமா? எண்வழி. அந்தக் காலத்தில் துகள் இயற்பியல் ஒரு மீன் மார்க்கெட் மாதிரி இருந்தது. லாம்டா, சிக்மா, சை, கேயான் என்று புதுசு புதுசாகத் துகள்கள் வந்து குவிந்துகொண்டே இருந்தன, எதற்கும் எதற்கும் என்ன உறவு என்று யாருக்கும் தெரியவில்லை. கெல்மன் அவற்றை எட்டு எட்டாக அடுக்கிக் காட்டினார். தனிம அட்டவணைக்கு மெண்டலீவ் செய்த மாதிரி. அவருடைய முழுக் கட்டுரை ஃபிசிகல் ரிவ்யூவில் அச்சானது 1962 பிப்ரவரியில். அந்த அடுக்கில் ஒரு காலி இடம் இருக்கிறது, அங்கே ஒமேகா மைனஸ் என்ற துகள் இருந்தாக வேண்டும் என்று அவர் சொன்னதும், அமெரிக்காவில் புரூக்ஹேவனில் 1964-ல் அது கிடைத்ததும் பிறகு நடந்தவை. கெல்மனும், கூட வந்திருந்த டாலிட்ஸும் பெங்களூர் முடித்துக்கொண்டு சென்னைக்கு, அந்த வீட்டுக்கு வந்தார்கள். அதாவது, அச்சில் வருவதற்குப் பல மாதங்கள் முன்பே, கண்டுபிடித்தவர் வாயாலேயே மயிலாப்பூர் மாணவர்கள் அந்த ஐடியாவைக் கேட்டுவிட்டார்கள். கப்பல் தபால் தோற்றுப்போன இடம் அது.

ஆனால் இப்படி எத்தனை நாள் ஓடும்? மாணவர்களுக்கு வேலை வேண்டும், சம்பளம் வேண்டும். வீட்டில் நடக்கும் செமினாரில் படித்தேன் என்று பயோடேட்டாவில் போட முடியாது. ராமகிருஷ்ணனுக்கு உடம்பு சரியில்லாமல் போனாலோ, அவரே வெளிநாடு போய்விட்டாலோ எல்லாம் அன்றோடு சரி. அவரை வெளிநாட்டில் எடுத்துக்கொள்ள ஆள் இருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

இங்கே கதைக்குள் வருகிறார் சி. சுப்பிரமணியம். பசுமைப் புரட்சி என்றால் நமக்கு ஞாபகம் வருபவர். அப்போது காமராஜர் அமைச்சரவையில் கல்வியும் நிதியும் அவர் கையில் இருந்தன. ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்து, மதிய உணவு போட்டுக்கொண்டிருந்த அரசாங்கம். அதே ஆள் இந்தச் செமினாரையும் கவனித்துக்கொண்டிருந்தார். 1961 அக்டோபரில் நேரு சென்னைக்கு வந்தபோது, ராஜ்பவனில் அவரை ராமகிருஷ்ணனும் மாணவர்களும் சந்திக்க ஏற்பாடு செய்தார். நேருவுக்கு விருப்பம் வந்துவிட்டது.

மூணே மாசம். இன்று ஒரு டிபார்ட்மென்டில் ப்ரொஜெக்டர் வாங்குவதற்கே அதைவிட அதிக நாள் ஆகும். 1962 ஜனவரி 3-ஆம் தேதி, பிரெசிடென்சி கல்லூரியில், இன்ஸ்டிடியூட் ஆஃப் மேத்தமேட்டிகல் சயின்ஸஸ் தொடங்கியது. சுருக்கமாக மேட்சயின்ஸ். விழாவுக்கு வந்திருந்தவர் எஸ். சந்திரசேகர், அதே கல்லூரியில் படித்து, நட்சத்திரங்களின் எடைக்கு எல்லை உண்டு என்று சொன்னவர். அவருக்கு நோபல் வர இன்னும் 21 வருஷம் இருந்தது. இயக்குநராகப் பொறுப்பேற்ற ராமகிருஷ்ணன் அன்று பேசிய பேச்சுக்கு அற்புதம் நிகழ்ந்துவிட்டது என்று தலைப்பு வைத்தார். கொஞ்சம் ஓவர்தான். ஆனால் ரெண்டு வருஷமாக வீட்டு ஹாலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த மனுஷன் அன்றைக்கு அப்படிச் சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வார்?

அதன் பிறகு 1983 வரை, 21 வருஷம் அவர்தான் இயக்குநர். வருஷா வருஷம் ஜனவரியில் ஒரு கருத்தரங்கு. வெளிநாட்டு விஞ்ஞானிகள் வந்து தொடர்ச்சியாகப் பாடம் எடுப்பார்கள், இங்கே இருக்கும் இளைஞர்கள் குறிப்பு எடுத்து அதை அறிக்கையாகத் தயாரிப்பார்கள். குறிப்பு எடுப்பது எடுபிடி வேலை மாதிரித் தெரியலாம். எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு பெரிய ஆள் கரும்பலகையில் தாண்டிப்போன நாலு படிகளை ராத்திரி உட்கார்ந்து நிரப்பினால் அந்தப் பாடம் ஜென்மத்துக்கும் மறக்காது. கருத்தரங்கு உரைகளை நியூயார்க்கின் பிளெனம் பதிப்பகம் 10 தொகுதிகளாகப் போட்டது. விலாசம் இப்போது உலகத்துக்கே தெரிந்துவிட்டது.

அவருடைய சொந்த இயற்பியல் என்ன ஆனது? 1960-களின் கடைசியில் அவர் டிராக்கின் மேட்ரிக்ஸ்களுக்குப் பின்னால் இருக்கும் இயற்கணிதத்தில் இறங்கினார். எல்-மேட்ரிக்ஸ் என்று அதற்குப் பெயர் வைத்து 1972-ல் ஒரு புத்தகமும் போட்டார். கணிதமாக அழகானது. ஆனால் துகள் இயற்பியல் அந்த வருஷங்களில் வேறு தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. 1964-ல் குவார்க், 1967-ல் வைன்பெர்க், அப்புறம் சலாம், 1973-ல் குவார்க்குகளைக் கட்டிப்போடும் விசையின் கோட்பாடு. இன்று நாம் ஸ்டாண்டர்ட் மாடல் என்று சொல்வது முழுக்க அப்போதுதான் கட்டப்பட்டது. அதில் ஒரு செங்கல் கூட அடையாற்றிலோ தரமணியிலோ வைக்கப்படவில்லை. ஒரே மனிதரின் ஆர்வத்தைச் சுற்றிக் கட்டிய இடத்தில், அந்த ஆர்வம் திரும்பும் திசையில்தான் இடமும் திரும்பும். இதை நான் குறையாகத்தான் சொல்றேன். அவருக்கு அடுத்து 1984-ல் இயக்குநராக வந்தவர் சுதர்சன், அது தனி எபிசோட். மத்திய அரசின் அணுசக்தித் துறையின் ஆதரவும் அந்தக் காலகட்டத்தில் வந்து, நிறுவனம் வேறு அளவுக்கு வளர்ந்தது. டைடல் பார்க்கில் வேலை பார்க்கிறவங்க தினமும் அதன் பக்கத்தில்தான் போய் வருகிறீர்கள்.

சரி, அந்த வீட்டில் படித்தவர்கள் என்ன ஆனார்கள்? என் கணக்கில் ஒரு ஆசிரியரின் வேலையை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

இயற்பியல் படித்தவங்க வீட்டில் மேத்யூஸ் - வெங்கடேசன் எழுதிய குவாண்டம் மெக்கானிக்ஸ் புத்தகம் இருக்கும். 1976-ல் வந்தது, இன்றும் இந்தியா முழுக்க எம்.எஸ்சி.க்கு அதுதான் பாடம். என் பிரதியில் பாதி அட்டை கிடையாது. மேத்யூஸும் வெங்கடேசனும் ராமகிருஷ்ணனின் மாணவர்கள். இதைத் தெரிந்துகொண்ட அன்று அந்தப் புத்தகத்தை வேறு மாதிரிப் பார்த்தேன். மயிலாப்பூர் பக்கமே வராத லட்சக்கணக்கான பேர் அந்த வீட்டின் பாடத்தை இரண்டாம் கையாகக் கேட்டிருக்கிறார்கள்.

சேலத்தில் பிறந்த பாலச்சந்திரன் 1962-ல் இங்கே டாக்டர் பட்டம் வாங்கி, வியன்னா, சிகாகோ வழியாக அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். புரோட்டான், நியூட்ரான்களை ஒரு புலத்தில் விழுந்த முடிச்சு மாதிரிப் பார்க்கும் ஸ்கைர்ம் மாடலை 1980-களில் மறுபடி உயிர்ப்பித்தவர்களில் அவர் ஒருவர். அங்கேயே பல தலைமுறை மாணவர்களை உருவாக்கினார்.

கடைசியாக ராதா. டி.கே. ராதா. எனக்கு இந்த எபிசோடே இவருக்காகத்தான்.

கேரளத்தில் தையூர் என்ற ஊரில் 1938-ல் பிறந்தவர். இயற்பியல் படிக்கச் சென்னை பிரெசிடென்சி கல்லூரிக்கு வந்தார். ஏகாம்ர நிவாஸ் செமினாரில் இருந்த பெண்களில் ஒருவர், இன்னொருவர் துங்கா. ராமகிருஷ்ணன், ராதா, துங்கா என்று மூன்று பேரும் சேர்ந்து எழுதிய கட்டுரைகள் உண்டு. ஒரு துகள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதை ஃபெய்ன்மன் ஒரே கோடாக வரைந்துவிடுவார். அந்தக் கோட்டுக்குள் நேர் ஆற்றல், எதிர் ஆற்றல் என்று ரெண்டு பங்கு ஒளிந்திருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தால் காலத்தில் எது முன்னே, எது பின்னே என்று தெரியும். அந்த மாதிரி வேலை. பெண்கள் எம்.எஸ்சி. படிப்பதே அபூர்வமாக இருந்த காலம் அது.

1965-ல் ராதா பிரின்ஸ்டன் இன்ஸ்டிடியூட்டுக்கு ஒரு வருஷ உறுப்பினராகப் போனார். ஓப்பன்ஹைமர் இயக்குநராக இருந்த கடைசி வருஷம். அந்த இடத்துக்கு இயற்பியலுக்காக வந்த ஆரம்பகாலப் பெண்களில் அவரும் ஒருவர். தன் ஆசிரியர் எந்தக் கரும்பலகையைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் ஒன்றை மாட்டினாரோ, அதே இடத்துக்கு எட்டு வருஷத்தில் மாணவி போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு திருமணம், கனடாவில் எட்மண்டன். கணவர் அங்கே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பிள்ளைகள் பிறந்தார்கள். துகள் இயற்பியலில் ராதாவுக்கு ஒரு நிரந்தரப் பதவி அமையவில்லை. அவ்வப்போது பாடம் எடுத்தார். பிறகு கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டு அந்த வேலைக்குப் போனார். பல பத்தாண்டுகள் கழித்து, தங்கள் பழைய பெண் உறுப்பினர்கள் யார் யார் என்று பிரின்ஸ்டன் ஆட்கள் தேட ஆரம்பித்தபோதுதான் அவர் பெயர் மறுபடி வெளியே வந்தது.

பேப்பர் இருந்தது, பேனா இருந்தது, எட்மண்டனில் நூலகமும் இருந்திருக்கும். லஸ் சர்ச் ரோட்டில் இருந்த மாதிரி வாரா வாரம் போய் உட்கார ஒரு நாற்காலி மட்டும் கிடைக்கவில்லை.

ராமகிருஷ்ணன் 2008 ஜூனில் அமெரிக்காவில் ஃபுளோரிடாவில், கணிதப் பேராசிரியரான மகன் இருக்கும் ஊரில் காலமானார். அவருடைய நாட்குறிப்பு பிறகு புத்தகமாக வந்திருக்கிறது. அதில் வந்துபோகும் பெயர்களைப் பார்த்தாலே தலை சுற்றும்.

அடுத்த எபிசோடில், 1957-ல் ஒரு மாநாட்டு மேடையில் தன் கண்டுபிடிப்பைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்காத ஒரு ஆராய்ச்சி மாணவரின் கதை. சுதர்சன். அவரும் தாம்பரத்தில் படித்தவர்தான். சந்திப்போம்.